கள்ளக்குறிச்சியை விட்டு நகராத பெட்டி

மணிமொழிக்கு பஸ் ஏறினால் வயிற்றைப் புரட்டும். தியாகதுருகத்துக்குப் போகிற கொஞ்ச தூரத்துக்கே ஜன்னலோரம் இடம் பிடித்து, மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அப்படிப்பட்டவள் ஓடுகிற காரில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எஞ்சினுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறாள் என்றால் நம்புவது கஷ்டம்தான். அவள் புருஷன் அறிவுச்செல்வனுக்கே ரொம்ப நாள் நம்பிக்கை வரவில்லை.

அறிவுச்செல்வனின் பட்டறை கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் ரோட்டில், ஒரு மக்காச்சோளக் கிடங்குக்கும் உரக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. வீடு பட்டறைக்குப் பின்னாலேயே. டிராக்டர், மினி லாரி, ஜீப், எது வந்தாலும் பார்ப்பான். நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக் கேட்பான். "மூணாவது சிலிண்டரு இருமுது" என்பான். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதுதான் கெட்டிருக்கும். காது அப்படி. ஆனால் திரையைக் கண்டால் மட்டும் கொட்டாவி வந்துவிடும். வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் என்று ஆசைப்பட்டு வாங்கிய ஸ்கேனர் கருவி, உறைகூடப் பிரிக்காமல், பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இரண்டு வருஷம் தூங்கியது.

அதை எழுப்பியவள் மணிமொழி. எட்டு வருஷம் அவள் ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று கல்வராயன் மலைக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற பாதி ஜனங்களின் பெயரும் அவர்களுடைய அப்பன் பெயரும் அவள் விரல் வழியாகப் போயிருக்கிறது. மையத்தை மூடியபின் கை சும்மா இருக்கவில்லை. மகள் இலக்கியாவும் நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். ஒரு மத்தியானம் ஸ்கேனரைப் பிரித்து, பட்டறையில் நின்றிருந்த ஜீப்பில் சொருகிப் பார்த்தாள். வண்டி எண்ணெண்ணாகப் பேசியது.

அங்கிருந்து மெதுவாக உள்ளே போனாள். வண்டியின் கம்ப்யூட்டருக்குள் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது, எஞ்சின் இன்ன வேகத்தில் சுற்றும்போது இவ்வளவு மிதித்தால் இவ்வளவு பெட்ரோல் என்று அதில்தான் எழுதியிருக்கிறது என்று தெரிந்த அன்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குறுக்கே பதினாறு கட்டம், நெடுக்கே பதினாறு கட்டம்.

"இதுக்கா இம்மாம் பந்தா? இது எக்செல் ஷீட்டுங்க" என்றாள்.

"எக்செல் ஷீட்டுல தப்பு வந்தா அழிச்சிடலாம். இதுல தப்பு வந்தா பிஸ்டன் உருகிடும்" என்றான் அறிவுச்செல்வன்.

அவள் பயப்படவில்லை. ஆங்கில வீடியோக்களை வேகம் குறைத்துப் போட்டுப் பார்த்து, மகளுடைய பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் குறிப்பெடுத்தாள். இரண்டு வருஷத்தில் நான்கைந்து வண்டிகளுக்கு எண்களைத் திருத்தி, அதாவது டியூன் பண்ணி, ஓட வைத்தாள். ஓடுகிற வண்டியில் திரையைப் பார்த்தால் தலை சுற்றும் என்பதால் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டாள். அட்டவணையைத் தாளில் அச்செடுத்து, பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு, பென்சிலோடு உட்காருவாள். லேப்டாப் தன்பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருக்கும். இவள் எஞ்சின் எங்கே திக்குகிறது என்று மட்டும் தாளில் புள்ளி வைப்பாள். அப்புறம் மரத்தடியில் நிறுத்தச் சொல்லி, வயிறு அடங்கியபின் திருத்துவாள்.

எஞ்சின் வேகத்தை ஆயிரம், இரண்டாயிரம் என்று சொன்னால் புருஷன் மண்டையில் ஏறாது என்று, கல்வராயன் மலைக்குப் போகும் ரோட்டில் வரிசையாக வருகிற ஊர்களின் பெயரை அதற்கு வைத்தாள். சும்மா நின்று உறுமுவது கள்ளக்குறிச்சி. கொஞ்சம் ஏறினால் வடக்கனந்தல். அப்புறம் கச்சிராயபாளையம், பரிகம். எஞ்சின் கதறும் கடைசி வேகம் வெள்ளிமலை. அறிவுச்செல்வனுக்கு இது உடனே பிடித்துவிட்டது. "வடக்கனந்தல் தாண்டினதும் ஒரு இடி இடிக்குது பாரு" என்பான். நிஜமாகவே வடக்கனந்தல் வழியாகப் போய்க்கொண்டிருந்தால்தான் வம்பு. "எந்த வடக்கனந்தல்? ரோட்டுலயா, ஷீட்டுலயா?" என்று அவள் கேட்க வேண்டியிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வேலை வந்தது. தியாகதுருகம் போகும் ரோட்டில் ஒரு நர்சிங் கல்லூரி. அதன் அலுவலக மேலாளர் நிர்மலா மேடம் மணிமொழியை இ-சேவை காலத்திலிருந்தே அறிந்தவர். டேட்டா என்ட்ரிக்கு ஆள் வேண்டும், திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள் என்று போன் செய்துவிட்டார்.

அறிவுச்செல்வனுக்கு அது பெரிய நிம்மதி.

"நீ டியூன் பண்றது நல்ல விஷயம்தான் மணி. நான் இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம ஊர்ல எத்தினி பேரு அதுக்கு வரிசையில நிக்கிறான்? வர்றதெல்லாம் டிராக்டரு."

"இனிமே டிராக்டரும் கம்ப்யூட்டரு வச்சுக்கினுதான் வரும்."

"வரட்டும். வர்றன்னிக்கு லீவு போட்டுட்டு வா."

அவள் கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தாள். அப்புறம் சொன்னாள். "தீனா வண்டி ஞாயித்துக்கிழமைக்குள்ள வெள்ளிமலை வரைக்கும் ஒழுங்கா ஏறிடுச்சுன்னா நான் அந்த வேலைக்குப் போவல. பட்டறையில எனக்கு ஒரு டேபிளு, ஒரு ஃபேனு. ஏறலன்னா திங்கக்கிழம காலையில பஸ் ஏறிடறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"ஒரு வார்த்தகூடப் பேச மாட்டியா?" அறிவுச்செல்வன் சந்தேகத்தோடு கேட்டான். "அத்த எழுதிக் குடு."

தீனா என்கிற தீனதயாளன் வடக்கனந்தல்காரன். மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிறான். கரும்பு வெட்டும் இயந்திரத்தை வாடகைக்கு விடுகிறான். முப்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவான பிறகு, கார் பைத்தியம் பிடித்தது. கோயம்புத்தூரில் பந்தயம் ஓட்டிய ஒருவரிடமிருந்து பழைய செடான் ஒன்றை வாங்கி வந்தான். வெளியே பார்த்தால் யாரோ ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் கோயிலுக்கு ஓட்டிப்போகிற வண்டி. உள்ளே பந்தய எஞ்சின். சாதாரண வண்டியில் எல்லா சிலிண்டருக்கும் சேர்த்துக் காற்று போக ஒரே கதவு இருக்கும். இதில் நான்குக்கும் நான்கு கதவு. விற்றவர் எல்லாவற்றையும் கொடுத்தார், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் ஏற்காட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குள் நடக்கும் மலையேற்றப் பந்தயத்துக்குத் தீனா பெயர் கொடுத்திருந்தான். பெயர் கொடுத்த பிறகுதான் பெட்டி இல்லை என்கிற ஞாபகம் வந்தது.

நர்சிங் கல்லூரி போன் வருவதற்குச் சில நாள் முன்பு, எந்தப் பெட்டி வாங்குவது என்று பட்டறையில் ஒரு மத்தியானம் முழுக்கப் பேச்சு.

அறிவுச்செல்வன் சொன்னது, இதே மாடல் சாதாரணக் காரின் கம்ப்யூட்டரைப் போட்டு, பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்டியைச் சேர்ப்பது. சென்ஸார்கள் சொல்வதை அந்தக் குட்டிப் பெட்டி கொஞ்சம் மாற்றிக் கம்ப்யூட்டரிடம் சொல்லும்.

"அதாவது நாத்தனாரு மாதிரி" என்றாள் மணிமொழி. "நான் ஒண்ணு சொல்வேன், உங்க தங்கச்சி உங்க அம்மாகிட்ட வேற ஒண்ணு சொல்லும். குடும்பம் ஓடும். ஆனா யாரு இன்னா சொன்னாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

அறிவுச்செல்வன் மேற்கொண்டு அதை வற்புறுத்தவில்லை.

தீனா தன் போனை நீட்டினான். பெங்களூரு நண்பன் ஒருவனிடம் வெளிநாட்டுப் பெட்டி இருக்கிறதாம், பழசு, ஆனால் கலர் திரையோடு. படத்தில் விமானம் மாதிரி மின்னியது.

"இதுல பாஸ்வேர்டு இருக்குமே, யாருகிட்ட கீது?" என்று கேட்டாள்.

தீனா போன் போட்டுக் கேட்டான். திரும்பி வந்து தலையைச் சொறிந்தான். "போட்டவரு துபாய் போய்ட்டாராம் அண்ணி."

"பூட்டு பெங்களூருல, சாவி துபாயில. நமக்கு வாணாம் தம்பி."

அவள் தேர்ந்தெடுத்தது புனேயிலிருந்து வரும் ஒரு சாதாரணக் கறுப்புப் பெட்டி. டிபன் பாக்ஸ் அளவு. திரை கிடையாது, மினுக்கம் கிடையாது. எல்லாக் கட்டத்தையும் திறந்து திருத்தலாம், நடந்தது அத்தனையும் பதிவாகும். முக்கியமாக அதற்குள் காற்றழுத்தம் பார்க்கும் சென்ஸார் இருந்தது. மலை ஏற ஏறக் காற்று மெலிந்துபோகும், மெலிந்த காற்றுக்குப் பெட்ரோலும் குறைய வேண்டும். நான்கு கதவு வைத்த இந்த எஞ்சினில் கால் மிதிக்கிற அளவை வைத்துத்தான் பெட்ரோல் கணக்கு. மலை உயரத்தைப் பெட்டியே தெரிந்துகொண்டால்தான் சரிப்படும்.

"பாக்க ரேடியோ ரிப்பேருக்காரன் செஞ்ச மாதிரி கீது" என்றான் தீனா.

"ஓட்டும்போது ரோட்டப் பாருங்க, அத்த எதுக்குப் பாக்கறீங்க" என்றாள்.

பெட்டி வந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே, இடது காலுக்குப் பக்கத்தில் பொருத்தினார்கள். மூன்று நாள் சமவெளி ரோட்டில் ஓட்டி ஓட்டிக் கட்டம் கட்டமாக நிரப்பினாள். புகைக்குழாயில் ஒரு சென்ஸார் மாட்டி, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்ட ஒரு மீட்டர் வைத்திருந்தார்கள். நன்றாக மிதிக்கும்போது மீட்டர் பதிமூன்றுக்குக் கொஞ்சம் கீழே நின்றால் சௌக்கியம். பதினொன்றுக்கு இறங்கினால் பெட்ரோல் வீண், கறுப்புப் புகை. பதினான்கு, பதினைந்து என்று ஏறினால் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் வெந்துபோகும். வியாழக்கிழமை சாயங்காலம் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரைக்கும், அதாவது ஷீட்டில், மீட்டர் பன்னிரண்டே முக்காலில் நூல் பிடித்த மாதிரி நின்றது. அறிவுச்செல்வன் திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "பாடுது" என்றான். அவன் வாயிலிருந்து வந்த பெரிய சான்றிதழ் அது.

வெள்ளிக்கிழமை தீனா பட்டறையிலேயே பூஜை போட்டான். அவன் பூஜை போட்டால் அரைகுறையாகப் போடுகிறவன் இல்லை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், முன்னால் பூசணிக்காய், பானெட்டில் மாலை. கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து வந்து, ஸ்டியரிங், கியர், பேட்டரி, ஜாக்கி, ஸ்டெப்னி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தான். ஊதுவத்தியை மீட்டருக்கும் காட்டினான். அவனுடைய அம்மா கொளஞ்சியம்மாள் வந்து எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் மலைக்குக் கிளம்பினார்கள். அறிவுச்செல்வன் ஓட்ட, மணிமொழி பக்கத்தில். தீனா தன் ஜீப்பில் பின்னால் வந்தான். கோமுகி அணை தாண்டி, பரிகம் தாண்டி, மலையடிவாரம் வரை வண்டி வெண்ணெய். ஏற்றம் தொடங்கி நான்கைந்து வளைவு போனதும் இழுவை குறைந்தது. மீட்டர் பன்னிரண்டுக்கு இறங்கியது. இன்னும் நாலு வளைவில் பதினொன்றரை. அடைத்த மூக்கோடு பேசுவது போல எஞ்சின் முனகியது. பின்னால் வந்த அரசுப் பேருந்து ஹாரன் அடித்து, நிதானமாக, அவர்களை முந்திக்கொண்டு போயிற்று. ஜன்னலோரத்தில் இருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

தீனா போன் செய்தான். "அண்ணே, பின்னாடி ஒண்ணுமே தெரியல. செங்கல் சூளை பத்த வச்ச மாதிரி பொக வந்துக்கினு கீது."

ஓரமாக நிறுத்தினார்கள். மணிமொழி முதலில் வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். பெட்ரோல் அதிகம், அவ்வளவுதானே என்று எல்லாக் கட்டத்திலும் பத்தில் ஒரு பங்கு குறைத்தாள். வண்டி உடனே தெளிந்தது. மிச்ச ஏற்றத்தைப் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறி வெள்ளிமலைக்கு வந்துவிட்டது.

"சரியாப்போச்சு போல" என்றான் அறிவுச்செல்வன். குரலில் சந்தோஷமா, கவலையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"மலை எறங்கிப் பாக்கலாம்" என்றாள் அவள்.

இறங்கிப் பார்த்தார்கள். அடிவாரத்தில் சம ரோடு வந்து அவன் கொஞ்சம் மிதித்ததும் வண்டி விக்கல் எடுத்தது. மீட்டர் பதினாலரைக்குத் தாவியது.

"கால எடுங்க" என்றாள் மணிமொழி. "மிதிக்காதீங்க. வெந்துடும்."

பழைய எண்களையே திரும்பப் போட்டாள். விக்கல் நின்றது. ஆக, கீழே சரியாக இருந்தால் மேலே கோளாறு, மேலே சரியாக்கினால் கீழே கோளாறு. இதற்குத்தானே அழுத்தம் பார்க்கிற பெட்டி என்று வாங்கியது.

பட்டறை வாசலில் இறங்கும்போது அறிவுச்செல்வன், "மஞ்ச சேல கசங்கி கெடக்குது, இஸ்திரி போட்டு வச்சுடு. திங்கக்கிழமைக்கு ஆவும்" என்றான். கேலியாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று நழுவிவிட்டான்.

அவள் பதிவு முழுவதையும் அச்செடுத்தாள். முப்பத்திரண்டு தாள். சோறு வடித்துவிட்டு, தரையில் தாள்களைப் பரப்பி, ஸ்கேலை வைத்து, இ-சேவை மையத்தில் விண்ணப்பம் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொரு பத்தியாக மேலிருந்து கீழே வந்தாள். எஞ்சின் வேகம் ஏறி இறங்கியிருந்தது. மிதித்த அளவு ஏறி இறங்கியிருந்தது. எஞ்சின் சூடு மெல்ல ஏறியிருந்தது. எட்டாவது பத்தியில் ஸ்கேல் நின்றது.

காற்றழுத்தம். கள்ளக்குறிச்சியில் நூறு. கோமுகி அணையில் நூறு. பரிகத்தில் நூறு. வெள்ளிமலையில் நூற்றியொன்று.

மலை உச்சிக்குப் போனால் தொண்ணூற்றொன்றுக்காவது இறங்க வேண்டும். இது ஏறியிருந்தது.

மையத்தில் இருந்த காலத்தில், ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்தால் ஐந்துக்கும் ஜூன் முதல் தேதி பிறந்த நாள் போட்டு விண்ணப்பம் வரும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது யாரோ போட்டுவிட்ட தேதி. அச்சு அசலாக ஒரே எண் வரிசையாக வந்தால் அது நடந்தது இல்லை, எழுதிக்கொண்டது என்று மணிமொழிக்குத் தெரியும். பெட்டி மலை ஏறியதே தெரியாமல் இன்னும் கள்ளக்குறிச்சியிலேயே உட்கார்ந்துகொண்டு பெட்ரோல் அளந்திருக்கிறது.

சென்ஸார் செத்துவிட்டதா? வியாழக்கிழமைப் பதிவை எடுத்துப் பார்த்தாள். அதில் அதே பத்தி உயிரோடு இருந்தது. தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு, நூறு புள்ளி ஒன்று என்று மூச்சு விடுவது போல லேசாக அசைந்துகொண்டே இருந்தது. அப்படியானால் வியாழனுக்கும் சனிக்கும் நடுவில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

அறிவுச்செல்வன் இன்னொரு டீயோடு வந்தான்.

"ஏங்க, வெள்ளிக்கிழம இந்தப் பெட்டிய யாராவது தொட்டாங்களா?"

"தொட்டாங்களாவா? கும்புட்டாங்க" என்றான்.

அவள் டீயை வாங்காமல் எழுந்து போனாள்.

டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து டார்ச் அடித்தாள். கறுப்புப் பெட்டியின் நெற்றியில் மூன்று சந்தனப் பொட்டு, அழகாக, வரிசையாக, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். பெட்டி காற்றழுத்தம் பார்ப்பதற்காக அதன் முகத்தில் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை உண்டு. இப்போது துளையைக் காணோம். நடுப் பொட்டு அதன்மேல் உட்கார்ந்து, காய்ந்து, சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. வெள்ளிக்கிழமை அடைபட்ட கள்ளக்குறிச்சிக் காற்றை உள்ளேயே வைத்துக்கொண்டு பெட்டி மலை ஏறி இறங்கியிருக்கிறது. எஞ்சின் சூட்டில் அந்தக் காற்று கொஞ்சம் உப்பியதால்தான் நூற்றியொன்று.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தலையை நிமிர்த்த இடமில்லாததால் படுத்துக்கொண்டே சிரித்தாள். என்னமோ ஆகிவிட்டது என்று அறிவுச்செல்வன் ஓடி வந்தான். அவனும் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இத்தன வருஷத்துல எஞ்சினுக்குள்ள எலி பாத்துருக்கேன், தேள் பாத்துருக்கேன்" என்றான். "இத்த பாத்ததில்ல."

தீனாவை வரச் சொன்னார்கள். அவன் முகம் வாடிப்போயிற்று.

"அண்ணி, நடுவுல சின்னதா ஒரு பள்ளம் இருந்துச்சு. பொட்டுக்குன்னே உட்ட எடம் மாதிரி இருந்துச்சு. அதான் அங்க கொஞ்சம் அழுத்தி வச்சேன்."

"நல்லா வச்சீங்க தம்பி. சுவத்துக்குப் பூசறவன்கூட இப்படிப் பூச மாட்டான்."

"இப்ப அழிக்கணுமா? பந்தயத்துக்குப் போற வண்டி. பூஜ போட்ட பொட்ட அழிச்சா..." பந்தயமா சாமியா என்று அவன் நெஞ்சு ஊசலாடியது தெரிந்தது.

மணிமொழி யோசித்தாள். "அழிக்க வாணாம். அரை அங்குலம் தள்ளி வச்சுக்கலாம். சாமிக்கு ஒண்ணும் பாதகமில்ல, பெட்டிக்கு மூச்சு வரும்."

தீனாவுக்கு இது சம்மதமாக இருந்தது. அவள் ஈரத்துணியை வைத்துப் பொட்டை ஊறவிட்டு, தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, உள்ளே குத்திவிடாமல் ஓரம் ஓரமாகக் கெல்லி எடுத்தாள். துளை தெரிந்தது. லேப்டாப்பில் எட்டாவது பத்தி லேசாக அசைந்தது. தீனா கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், பயந்து பயந்து புதுப் பொட்டு வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அதே நேரம், அதே ரோடு. அறிவுச்செல்வன் வழக்கத்தைவிட அதிகமாகக் கண்ணாடியைத் துடைத்தான். மலையடிவாரத்தில் மணிமொழி பென்சிலை எடுத்தாள். முதல் வளைவு. நூறு, தொண்ணூற்றொன்பது. ஐந்தாவது வளைவு, தொண்ணூற்றேழு. மீட்டர் பன்னிரண்டே முக்கால். அவன் காது எஞ்சினிலேயே இருந்தது. அவள் கண் எண்ணிலேயே இருந்தது. தாளைப் பார்க்க வேண்டியவள் திரையைப் பார்த்தாள், வயிறு எச்சரித்தது, அவள் கேட்கவில்லை. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்று மூன்று. நேற்று பேருந்து முந்திய இடத்தில் வண்டி ஒரு முனகல் இல்லாமல் இழுத்துக்கொண்டு போயிற்று. அறிவுச்செல்வன் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்து, "நிறுத்தட்டா?" என்றான்.

அவள் தலையை ஆட்டி, பிளாஸ்டிக் பையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று கையால் காட்டினாள். ஒரு கண் பையில், ஒரு கண் மீட்டரில். பன்னிரண்டே முக்கால்.

வெள்ளிமலையில் தொண்ணூற்றொன்று. தீனா ஜீப்பை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். "பொகையே இல்லண்ணி. உங்கள எங்க உட்டேன்னு தேடிக்கினு வந்தேன்."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இஞ்சி டீ உள்ளே போனதும் முகத்துக்கு நிறம் திரும்பியது. அறிவுச்செல்வன் அவளையும் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தான்.

"அந்த மேடத்துக்கு இன்னிக்கே சொல்லிடு. நாளைக்கு எதிர்பாத்துக்கினு இருப்பாங்க" என்றான்.

இத்தனை நேரம் அவள் மனசில் வண்டி ஏற வேண்டும் என்பதுதான் இருந்தது. ஏறிவிட்டால் ஒரு நிச்சயமான வேலையைத் தன் வாயால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பது இப்போதுதான் உறைத்தது. போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. டீக்கடைக்காரர் ஒரு பலா மரத்தைக் காட்டி, அங்கே நின்றால் கிடைக்கும் என்றார். மரத்தடியில் போய் நின்றாள். காற்று சத்தத்தில் உரக்கப் பேச வேண்டியிருந்தது. பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"மேடம், நான் மணிமொழி. ஞாயித்துக்கிழம தொந்தரவு பண்றேன். நாளைக்கு என்னால வர முடியாதுங்க... இல்லங்க, நாளன்னிக்கும் முடியாது. வேற வேல கெடச்சுடுச்சு... இங்கதாங்க, எங்க பட்டறையிலயே."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். என்ன வேலை என்று இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் சொல்லிப் பார்த்ததில்லை.

"காருக்குங்க. காருக்குள்ள ஒரு கம்ப்யூட்டரு இருக்குமில்ல, அதுல நம்பரு போடணும். இருநூத்தி அம்பத்தாறு கட்டம்."

மறுபடி ஏதோ கேட்டார்கள்.

"ஆமாங்க மேடம்" என்றாள். "அதுவும் டேட்டா என்ட்ரிதான்."

திரும்பி வரும்போது இறக்கத்தில் அறிவுச்செல்வன் வண்டியை எஞ்சின் பிடியிலேயே விட்டு, நிதானமாக இறக்கினான். முதலாளி குரலில் சொன்னான்.

"நாளைக்குக் காலையில எட்டரைக்கு வேலைக்கு வந்துடணும். அந்த உரக்கடக்காரன் ஜீப்புல எஞ்சின் லைட்டு எரிஞ்சிக்கினு கீதாம். லேட்டானா அரை நாள் சம்பளம் கட்டு."

"டேபிளு?"

"பேட்டரி அடுக்கி வச்சிருக்கிற டேபிளு. காலி பண்ணித் தர்றேன்."

"ஃபேனு?"

"இருக்குது."

"எட்டரைக்கு வரணும்னா காலையில சோறு ஆக்க முடியாது" என்றாள் மணிமொழி. "நீங்க ஆக்கி வச்சுடுங்க."

அறிவுச்செல்வன் இரண்டு வளைவு தாண்டினான். கியரைக் குறைத்தான். கண்ணாடியில் பின்னால் தீனாவின் ஜீப் வருகிறதா என்று பார்த்தான்.

"இன்னா கொழம்பு?" என்று கேட்டான்.